மேரியக்கா வளர்த்த கல்

செல்வமேரியக்காவைப் பற்றி மலையில் யார் பேச்செடுத்தாலும் கடைசியில் அந்தக் கல்லில்தான் போய் நிற்பார்கள். பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. போன மாதம் கொட்டச்சேட்டு டீக்கடையில் ஒருவன், அது பௌர்ணமிக்குப் பௌர்ணமி அழும் என்று என்னிடமே அளந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டீயை அவன் தலையில் ஊற்றியிருப்பேன். டீ நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன். கண்டவனும் கண்டபடி பேசுவதற்கு, கூடவே இருந்து பார்த்த நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் காளியண்ணன். டெலிபோன் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். சேர்வராயன் மலையில் நான் ஏறாத கம்பம் இல்லை. மேரியக்கா எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்.

எக்ஸ்சேஞ்ச் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டிடத்தில் ஒரு அறை, அதற்குள் துளை துளையாக ஒரு போர்டு. எண்பதுகளின் ஆரம்பம் அது. போனை எடுத்தால் நம்பர் சுழற்ற முடியாது, அக்காவின் குரல்தான் வரும். நம்பரைச் சொன்னால் ஒயரை எடுத்து உரிய துளையில் செருகுவார். வெளியூர் ட்ரங்க் கால் என்றால் அவர் சேலம் ஆபரேட்டரைக் கூப்பிட, சேலம் மதுரையைக் கூப்பிட, மதுரை அடுத்த ஊரைக் கூப்பிட, அப்படியே கைமாறிக் கைமாறிப் போய்ச் சேரும். பாதி வழியில் அறுந்தால் திட்டு மட்டும் நேராக எனக்கு வந்துவிடும்.

ஊரில் யாருக்கு நிச்சயதார்த்தம், யாருக்குப் பிரசவம், எந்த வீட்டில் சாவு, எல்லாம் அக்காவின் காது வழியாகத்தான் மலையேறியது. ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. "கேட்டாப்பலயும் இருக்கோணும், கேக்காதாப்பலயும் இருக்கோணும் காளியண்ணா" என்பார். எனக்கெல்லாம் அந்தப் பொறுமை கிடையாது. அந்த ஸ்டூலில் என்னை உட்கார வைத்திருந்தால் ஒரே வாரத்தில் மலையில் பாதிக் கல்யாணம் நின்றுபோயிருக்கும்.

அவர் வீட்டுக்காரர் மனுவேல், ஒரு காப்பி எஸ்டேட்டில் மருந்தடிக்கும் மேஸ்திரி. தங்கமான மனிதர். ஒரே ஒரு வியாதி, மருந்தடிக்காமல் ஒரு செடியைத் தாண்டிப் போக மாட்டார். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து நீலமாக ஒரு மருந்து கலக்குவார்கள், மழைக்கு முன்னால் காப்பிச் செடிக்கு அடிக்க. மனுவேலண்ணனுக்கு அதுதான் சர்வ ரோக நிவாரணி. ரோஜாவுக்கும் அது, கமலா ஆரஞ்சு மரத்துக்கும் அது, ஆட்டுக்குக் குளம்பில் புண் வந்தாலும் அதுதான். கல்யாண வீட்டில் கை கழுவினாலும் நகக்கண்ணில் நீலம் இருக்கும். ஒரு தடவை என் காலில் சேற்றுப்புண் வந்ததைப் பார்த்துவிட்டு வாளியோடு வந்தார். நான் சுவரேறிக் குதித்து ஓடினேன்.

கல் வந்தது தூத்துக்குடியில் இருந்து. அங்கே மாதாகோயில் திருவிழாவுக்கு இருவரும் போயிருந்தார்கள். அக்கா பிறந்து வளர்ந்தது இதே மலையில், மஞ்சக்குட்டையில். கடலை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்திருக்கிறார். முழங்கால் தண்ணீரில் போய் நின்றவர், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மனுவேலண்ணன் கத்திக் கத்தித் தொண்டை கட்டியும் வெளியே வரவில்லையாம். சங்கு குளிக்கும் உறவுக்காரர் ஒருவர் தேங்காய் அளவில் ஒரு பழுப்புக் கல்லைக் கொடுத்து, "கிறிஸ்மஸ் குடிலுக்கு வச்சுக்கங்க, மலை மாதிரி இருக்கும்" என்றிருக்கிறார். மலையில் இருக்கிறவர்களுக்கு மலை கொடுத்தனுப்பிய புத்திசாலி. அந்தக் கல்லின் ஒரு பொந்துக்குள் குட்டி நண்டு ஒன்று இருந்தது. அதைச் சாகவிட மனசில்லாமல் பிளாஸ்டிக் வாளியில் கடல் தண்ணீரை ஊற்றி, கல்லும் நண்டுமாக மடியில் வைத்துக்கொண்டே அக்கா ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் சாயங்காலம் எனக்கு ஆள் அனுப்பினார். போனால், "காளியண்ணா, கல்லு கை நீட்டுதுப்பா!" என்கிறார். மலையேறி வந்த பஸ்ஸில் அக்காவுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். குனிந்து பார்த்தால், அடக் கருமமே, நிஜமாகவே நீட்டுகிறது! கல் பூராவும் சின்னச் சின்னக் குழி, ஒவ்வொரு குழியிலிருந்தும் நூல் நூலாக விரல். நான் விரலை விட்டதும் அத்தனையும் உள்ளே போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அது என்ன என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, இது செடி என்றார். மனுவேலண்ணன், செடியென்றால் மருந்தடிக்கலாமே என்றார். எஸ்டேட் ரைட்டர் மரியதாஸ் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "பவளம்ங்க! சந்தேகமே இல்லீங்க! கடல்ல வளர்ற பவளம்!" என்றார். ஜோசியக்காரன் அவருக்குச் செவ்வாய் தோஷம், பவள மோதிரம் போட வேண்டும் என்று சொல்லியிருந்தான். ஞானஸ்நானம் வாங்கியவருக்குச் செவ்வாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சண்டைக்கு வருவார். வாரம் தவறாமல் வந்து, "ஏனுங்க மேரி, எப்பங்க சிவக்கும்?" என்று குனிந்து பார்த்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார். கல் சிவக்கவில்லை, காப்பித்தூள்தான் தீர்ந்தது.

அக்கா யாரையும் நம்பவில்லை. மத்தியானம் போர்டில் வேலை குறைந்த நேரத்தில் ஒயரை எடுத்துச் சேலத்தைக் கூப்பிட்டார். சேலம் மதுரைக்குக் கொடுத்தது. மதுரை ராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோர எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தது. அங்கே வெள்ளையம்மாள் என்று ஒரு ஆபரேட்டர். இருவரும் நேரில் பார்த்ததில்லை, ஆனால் ட்ரங்க் கால் கைமாற்றிக் கைமாற்றி வருடக்கணக்காகக் குரல் பழக்கம். வெள்ளையம்மாளின் வீட்டுக்காரருக்கு என்ன தொழில் தெரியுமா? கடலுக்குள் இறங்கி இதே கல்லைப் பெயர்த்து, வண்டி வண்டியாகச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றுவது. அந்த வீட்டில் போய்த்தான் அக்கா வளர்ப்புக்கு யோசனை கேட்டார்.

"ஏத்தா, அது உசுருள்ள பவளக்கல்லு. ஒன்னு ரெண்டில்ல, குழிக்கு ஒரு பூச்சியா ஒரு ஊரே குடியிருக்கு. எந்தச் சாதின்னு பாக்கணும். மான்கொம்பு மாதிரி கிளை விட்டிருக்கா?" என்று வெள்ளையம்மாள் கேட்டாள். நானும் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க, உருண்டையா இருக்குதுங்க. தேனடையாட்ட குழி குழியா."

"சரி. ரெண்டு குழிக்கு நடுவுல ஒரே சுவரா, குழிக்குக் குழி தனிச் சுவரா? நல்லாப் பாத்துச் சொல்லுத்தா. தனிச் சுவர்னா அது வேற சாதி."

அக்கா மறுநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "ஒரே சுவருங்க. எங்க எஸ்டேட் லயன் ஊடாட்ட, ஒரு சுவத்துக்கு ரெண்டு பக்கமும் குடித்தனமுங்க."

அந்தப் பக்கம் வெள்ளையம்மாள் சிரித்த சிரிப்பு மதுரை ஆபரேட்டருக்கும் கேட்டது. "அப்பத் தேன்கூட்டுக் கல்லுதான். அது கெட்டி சாதி, லேசுல சாகாது. இருந்தாலும் மலை மேல எப்புடித்தா பொழைக்கும்? பேசாமக் கொழம்புச் சட்டிக்கு முட்டு வச்சுக்க."

அக்கா முட்டு வைக்கவில்லை. சேலத்தில் கண்ணாடித் தொட்டி செய்து வாங்கினார். தூத்துக்குடியிலிருந்து சேலத்துக்கு உப்பு லாரி வரும். டிரைவரைப் பிடித்து இரண்டு கேனில் கடல் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார். சேலத்திலிருந்து அது மலை பஸ்ஸில் மேலே வரும். "ஊருல பைப்புத் தண்ணி வரலீன்னு கேள்விப்பட்டனுங்க, அதுக்காவக் கடல்லருந்தா எடுத்துட்டு வாரீங்க?" என்று கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் அதே ஜோக்கை அடிப்பான், ஒவ்வொரு தடவையும் அவனே சிரிப்பான்.

தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும். எவ்வளவு ஏறியது என்று எப்படிப் பார்ப்பது? பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பால் சொசைட்டியில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார்களே, அந்த லாக்டோமீட்டர் ஒன்றை நான் வாங்கி வந்தேன். புதுக் கடல் தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, நிற்கிற இடத்தில் அக்கா நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டார். கோடு மேலே வந்தால் உப்பு அதிகம், கொஞ்சம் மழைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். மலையில் அடிக்கடி கரண்ட் போய்விடும், காற்றடிக்கும் மோட்டார் நின்றுவிடும். அதற்கு ஒரு லாரி ட்யூபில் காற்றடித்து வைத்து, குளுக்கோஸ் ஏற்றும் குழாயை மாட்டித் தொட்டிக்குள் விட்டேன். நாள் பூராவும் குமிழி வந்துகொண்டிருக்கும். இது என் சொந்த யோசனை, இன்றுவரை ஒருவனும் பாராட்டவில்லை.

மார்கழிக் குளிர்தான் பெரிய பாடு. கடலில் பிறந்ததற்கு வெதுவெதுப்பு வேண்டும், இங்கோ பனியில் நமக்கே பல் தந்தியடிக்கும். எஸ்டேட் பங்களாவிலிருந்து காலி பிராந்தி பாட்டில்களை மனுவேலண்ணன் வாங்கி வந்து கொடுப்பார். அதில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கித் தொட்டியில் மிதக்கவிடுவார் அக்கா. ஆறினால் மாற்றுவார். அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், உள்ளே நுழைந்ததும் விளக்கு வெளிச்சத்தில் ஆறு பிராந்தி பாட்டில் மிதப்பதைப் பார்த்துவிட்டு, தீர்த்தம் தெளிக்காமல் அப்படியே நின்றுவிட்டார். "சாமி, அது கல்லுக்குங்க" என்றார் அக்கா. சாமியார் நம்பவில்லை. மனுவேலண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொன்னார்.

சாப்பாடு, வாரத்தில் இரண்டு சாயங்காலம் இறாலை நசுக்கி வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக. மற்றபடி வெளிச்சமே அதற்குப் பாதிச் சோறு என்று வெள்ளையம்மாள் சொல்லியிருந்தாள். சோப்புக் கை ஆகாது. செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் ஆகவே ஆகாது, செம்பு பட்டால் செத்துப்போகும் என்றும் சொல்லியிருந்தாள். அக்கா அன்றைக்கே வீட்டிலிருந்த செம்பு அண்டாவைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டு மனுவேலண்ணனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். அவரும் செம்புக் குடத்தோடு அந்தப் பக்கம் போனதில்லை.

கல் பிழைத்தது. பிழைத்தது மட்டுமா, ஒரு வருடத்தில் ஓரத்தில் ஒரு நகத்து அகலம் வளர்ந்தது. அன்றைக்கு அக்கா எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். சேலம் ஆபரேட்டர், மதுரை ஆபரேட்டர் எல்லாம் காலையில் லைனுக்கு வந்ததும் முதல் கேள்வி, "மேரியக்கா, கல்லு எப்படி இருக்குது?" என்பதுதான். அக்காவுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிடும். அக்காவுக்கும் மனுவேலண்ணனுக்கும் பிள்ளை இல்லை. அந்தக் குறைக்குத்தான் கல்லைக் கொஞ்சுகிறாள் என்று கோயில் வாசலில் நாலு பேர் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருத்திக்கு ஆறு பிள்ளைகள், ஆறில் ஒன்றுகூட அவளிடம் நின்று பேசாது. குறையாம் குறை! அக்கா ஆசைப்பட்டு வளர்த்தார், அவ்வளவுதான். அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும்.

அப்புறம்தான் சனியன் பிடித்தது. ஒரு எஸ்டேட் துரை காப்பி விலை பேச வெளியூருக்குக் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். லைன் எதிலோ உரசி, அவர் காதில் வெள்ளையம்மாளின் குரல் விழுந்திருக்கிறது: "இறாலை நல்லா நசுக்கி வடிகட்டுத்தா, சாயங்காலம்தான் வாயத் தொறக்கும்." காப்பி விலை தெரிய வேண்டிய நேரத்தில் இறால் சமையல் ஓடுகிறது என்று அவர் மேலே எழுதிப்போட்டுவிட்டார். ஆபரேட்டர்கள் சொந்தப் பேச்சுக்கு ட்ரங்க் லைனை எடுக்கக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் எடுப்பார்கள் என்பது வழக்கம். மாட்டுகிறவருக்கு மட்டும்தான் சட்டம்.

கீழேயிருந்து ஒரு அதிகாரி வந்தார். சஃபாரி சூட், மலைக் குளிருக்கு மங்கி குல்லா. போர்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இந்த வாரம் முழுக்க இங்கேதான் இருப்பேன். கடல் பக்கம் ஒரு ஒயர் போனாலும் சஸ்பெண்ட்தான், தெரிஞ்சுக்கம்மா" என்றார். அக்கா தலையாட்டினார். வேலை போனால் அந்த வீட்டில் மனுவேலண்ணன் சம்பளம் ஒன்றுதான். அது லாரித் தண்ணீருக்கா வரும், லயன் வீட்டுச் சோற்றுக்கே இழுக்கும். அது எல்லோரையும் விட அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

அது மழைக்கு முந்திய மருந்தடிப்பு சீசன். மறுநாள் முற்பகல், நான் போர்டுக்குப் பின்னால் ஃப்யூஸ் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனுவேலண்ணன் முட்டி வரை நீலமாக, செருப்பில்லாமல் ஓடி வந்தார். அதிகாரி இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"மேரி, நண்டு மல்லாந்து கெடக்குது! கல்லு சளி சளியாக் கக்குது மேரி!"

"என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல. கல்லுல ஒரு ஓரமாப் பழுப்பாப் பூசணம் புடிச்சிருந்துது. நீ கவலைப்படுவியேன்னு… ஒரே ஒரு கரண்டி. தண்ணியாக் கலக்கித்தான் ஊத்துனேன்."

"எதை?"

அவர் கையைக் காட்டினார். காட்டவே வேண்டாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "மயில்துத்தம்னா என்னன்னு நெனச்சீங்க? அது செம்புதானுங்க! செம்பு உப்பு!" என்று கத்தினேன். எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றால், எக்ஸ்சேஞ்சில் பழைய பாட்டரிக்குள் அதைப் போடுவோம். மனுவேலண்ணன் முழித்தார். முப்பது வருடம் அதை வாளி வாளியாகக் கலக்கியவருக்கு அது செம்பு என்று ஒருவனும் சொன்னதில்லை. அண்டா செம்பு, குடம் செம்பு. நீலத்தூளைச் செம்பென்று யார் நினைப்பார்கள்? "நல்லாகோணும்னுதான் ஊத்துனேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனுஷன் அழுதார்.

அக்கா அழவில்லை. ஹெட்போனைக் கழற்றிப் போர்டின் மேல் வைத்தார். ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதி அதிகாரி முன்னால் வைத்தார். "சார், இந்த நிமிசத்துலருந்து நான் லீவுங்க." பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், சுற்றி வந்து, பொதுமக்கள் வந்து கால் புக் செய்யும் ஜன்னலுக்கு எதிரில் நின்றார். "சார், நான் பொதுஜனமுங்க. ஒரு கால் வேணுங்க. லைட்னிங் கால்."

லைட்னிங் கால் என்றால் மற்ற எல்லாக் காலையும் தள்ளிவிட்டு முதலில் போட வேண்டியது. மந்திரிகளும் பெரிய முதலாளிகளும் எப்போதாவது போடுவார்கள். எங்கள் ஜன்னலில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"விளையாடுறியாம்மா? போர்டுல யாரு உட்காருவா?" என்று அதிகாரி எகிறினார்.

"இன்னொரு ஆபரேட்டர் ராத்திரி ஷிப்ட்டுங்க. இப்ப நீங்கதானுங்க இருக்கறீங்க."

"ஒரு கல்லுக்காகவா வேலையைப் பணயம் வைக்கிறே?"

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பதினெட்டு வருசமா ஊரான் பேச்சைக் கேட்டுட்டு இருக்கறனுங்க சார். புள்ள பொறந்தது, பொண்ணு பாத்தது, ஆள் செத்தது. அத்தனையும் அடுத்தவங்க காரியம். என் காரியமா ஒருத்தரைக் கூப்புட எனக்கு இது ஒண்ணுதானுங்க இருக்குது. அது இப்பச் செத்துட்டு இருக்குது. கால் போடுங்க சார்."

சட்டப்படி பொதுஜனம் கேட்டால் போட்டாக வேண்டும், சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறி வந்தவரே அந்த அதிகாரிதான். மங்கி குல்லாவைக் கழற்றிவிட்டு ஹெட்போனை மாட்டினார். ஒயரை எடுத்து முதல் துளையில் செருகினார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு துளையில் செருகினார். கான்வென்ட் மதர் வந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சேலம் துளையைக் காட்டினேன்.

சேலம் ஆபரேட்டருக்கு எங்கள் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. "மலையிலருந்தா? கடலுக்கா? ஐயோ, மேரியக்கா கல்லுக்கு என்ன ஆச்சுங்க?" என்று பதறினாள். மதுரையும் அதையே கேட்டது, கூடவே, "போன வாரம் பேசறப்பகூட நல்லாத்தானே இருந்துச்சு" என்று ஒரு சாட்சியும் சேர்த்துக் கொடுத்தது. அதிகாரி கண்ணைச் சுருக்கி ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தார். விசாரணையே வேண்டாம், இரண்டு ஊர் வாக்குமூலம் காதிலேயே வந்துவிட்டது.

வெள்ளையம்மாள் லைனுக்கு வந்தாள். காற்றும் மழையும் ஆரம்பித்திருந்ததால் ஜன்னலில் பொதுஜனத்துக்கு வைத்திருந்த போனில் அக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, கரகரவென்று இரைச்சல்தான். போர்டில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்டது. வேறு வழியில்லாமல் அந்த அதிகாரி ஹெட்போனை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல உரக்கக் கத்தினார்.

"கல்லை உடனே வெளியே எடுக்கணுமாம்! பழைய தண்ணி ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாதாம்! புதுக் கடல் தண்ணியில ஒரு தடவை அலசி, வேற தண்ணியில வைக்கணுமாம்! தொட்டியில கிடக்குற மணலையும் தூக்கிப் போடணுமாம், செம்பு அதுக்குள்ள இறங்கிடுமாம்! என்னது? சொல்லும்மா, கேக்கல! வாளி! வாளி சுத்தமா இருக்கணும்! அந்த ஆளோட வாளியைத் தொடவே கூடாதாம்!" கடைசி வரியை மனுவேலண்ணனைப் பார்த்து அவரே கோபமாகச் சொன்னார். பிறகு தானாகவே ஹெட்போனில், "பொழைக்குமாம்மா?" என்று கேட்டார். சத்தியமாகக் கேட்டார், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அக்கா அதற்குள் ஓடியிருந்தார். கட்டிலுக்கடியில் இரண்டு கேன் கடல் தண்ணீர் இருந்தது. ஒன்றில் அலசி, ஒன்றில் வைத்தார். நான் லாரி ட்யூபைத் தூக்கிப் போய்க் காற்று விட்டேன். மனுவேலண்ணன் வாசலிலேயே மழையில் நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. நண்டு செத்துவிட்டது. கல்லில் பாதி இரண்டு நாளில் சுண்ணாம்பாக வெளுத்துப் போனது. மீதிப் பாதி சுருங்கிக் கிடந்தது, கை நீட்டவே இல்லை. அக்கா புருஷனிடம் பேசவில்லை. அவரும் பேச்சுக்கு ஏங்கி, சாப்பிடாமல் கொள்ளாமல், லாரிக்காரனைத் தேடிச் சேலத்துக்கும் மலைக்குமாக அலைந்து தண்ணீர் சுமந்தார். ஒரு சாயங்காலம் பழுப்புப் பக்கத்தில் நாலைந்து குழியிலிருந்து விரல் வெளியே வந்தது. அக்கா அடுப்படியைப் பார்த்து, "ஏனுங்க, இங்க வாங்க, பாருங்க" என்றார். அந்த மனுஷன் ஈரக் கையோடு ஓடி வந்து, தொட்டிக்கு மூன்றடி முன்னாலேயே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். எனக்கு அவர் மேலிருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

அதிகாரி சஸ்பெண்ட் செய்யவில்லை. லைட்னிங் கால் சட்டப்படிதான். ஆனால் மூன்று ஊர் ஆபரேட்டர் சொன்னதைக் காதால் கேட்டபின் சும்மா விட்டால் அவர் அதிகாரி இல்லையே. மாற்றல் உத்தரவு வந்தது. நம் ஊரில் ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் எங்கே மாற்றுவார்கள்? தண்ணியில்லாக் காட்டுக்கு. ராமநாதபுரம் பக்கம், வெள்ளையம்மாளின் எக்ஸ்சேஞ்சுக்கே போட்டுவிட்டார்கள். அந்த அதிகாரி தண்டனையாக நினைத்துத்தான் போட்டாரா, வேறு எதையாவது நினைத்துப் போட்டாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால் சொல்கிற ஜாதியும் இல்லை அது.

அக்கா கல்லை வாளியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார். மனுவேலண்ணன் எஸ்டேட் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கூடவே போனார். அங்கே மருந்தடிக்கப் பனைமரமும் உடைமுள்ளும்தான் இருந்தன, அதனால் ஒருவருக்கும் ஆபத்தில்லை. வழியனுப்பப் போயிருந்தபோது கண்டக்டர் மறுபடியும் அதே ஜோக்கை அடித்தான், இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. போர்டில் புதிதாக வந்தவள் பேச்சுக்குப் பேச்சு கட் செய்வாள். எனக்கு எக்ஸ்சேஞ்சுக்குப் போகவே பிடிக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு கால் புக் செய்து பேசினேன், முறைப்படி, என் பெயரில். எக்ஸ்சேஞ்சுக்கு எதிரிலேயே கடல் என்றார். வீட்டில் தொட்டி வைத்திருக்கிறேன், ரோட்டைத் தாண்டிப் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து மாற்றுகிறேன் என்றார். கடலுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு கடலைத் தொட்டிக்குள் ஊற்றுகிற ஆளை வெள்ளையம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாளாம். எனக்கும் கடுப்பாகத்தான் இருந்தது.

"ஏனக்கா, இத்தனை பாடு எதுக்குங்க? எதுத்தாப்பலதான் கடல் கெடக்குது. கொண்டுபோய் உட்டுட்டா அதும்பாட்டுக்குப் பொழைச்சுக்குமில்லீங்க?"

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நான் வழியிலிருக்கும் அத்தனை லைன்மேனையும் திட்ட வாயெடுத்தேன்.

"உட்டறலாம் காளியண்ணா" என்றார் அக்கா. "வெள்ளையம்மா ஊட்டுக்காரரு என்னைப் படகுல கூட்டிட்டுப் போயிக் காட்டுனாரு. அங்க நொம்பக் கெடக்குதுப்பா, எல்லாம் இதேயாட்டத்தான் இருக்குது. உட்டுப்போட்டு மறுநா போயி நின்னா, எது என்னுதுன்னு நான் எப்படிக் கண்டுபுடிப்பேன் சொல்லு?"